ஆள்காட்டி விரல்: 14 சதவீதம்

அம்பத்தூரிலோ ஓசூரிலோ கோவை கணபதியிலோ பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவர்களுக்கு, சாவி கிளட்ச் வைத்த பழைய பவர் பிரஸ்ஸைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. பெடலை மிதித்தால் தகட்டை அழுத்தும் ராம் இறங்கும். ஒரு சுற்று முடிந்து மேலே ஏறும்வரை அதை நிறுத்த வழியில்லை. உள்ளே இருக்கும் சாவி தேய்ந்தோ உடைந்தோ போனால், மிதிக்காமலே இன்னொரு முறை இறங்கிவிடும். டை எனும் அச்சிலிருந்து தகட்டை எடுக்கப் போன கை அப்போது உள்ளே இருக்கும். இரண்டு கையாலும் அழுத்தும் பட்டன் வைத்தாலும் சென்சார் மாட்டினாலும் இந்த மெஷின் நடுவழியில் நிற்காது. நிற்க வேண்டுமென்றால் காற்றழுத்த கிளட்ச் உள்ளதாக மாற்ற வேண்டும். அந்தச் செலவைச் செய்வதா வேண்டாமா என்று முடிவெடுப்பவர் முதலாளி.

விபத்து இழப்பீட்டுச் சட்டங்களை எடைபோட இந்த ஒரு மெஷின் போதும். அவை மூன்று வேலைகளைச் செய்ய வேண்டும்: அடிபட்டவருக்கு வைத்தியமும் சோறும் தர வேண்டும், இழந்ததைச் சரியாக அளக்க வேண்டும், அடுத்த கை போகாமல் தடுக்க வேண்டும்.

முதல் வேலையில், தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ. தேறிவிடுகிறது. மாதம் ரூ.21,000 வரை சம்பளம் வாங்குபவர்கள் இந்தத் திட்டத்துக்குள் வருகிறார்கள். சிகிச்சைச் செலவு கிடையாது. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குக் கூலியில் 90 சதவீதம். நிரந்தர ஊனம் என்றால் ஆயுள் முழுக்க மாதாந்தரத் தொகை. இந்த வளையத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் தந்தது ஒரே தவணையில் ஒரு தொகை. நாள் கூலி ரூ.600 வாங்கும் 25 வயதுக்காரரின் ஆள்காட்டி விரல் முழுவதும் போனதாக வைத்துக்கொள்வோம். பழைய சட்டப்படி அவருக்கு வருவது ஏறக்குறைய ரூ.2,73,000. இ.எஸ்.ஐ.யில் மாதம் சுமார் ரூ.2,270, பத்தாண்டு கழிந்தால் அந்தத் தொகையைத் தாண்டிவிடும், அதன் பிறகும் வந்துகொண்டிருக்கும். தொழிலாளிக்கு எது லாபம் என்பதில் சந்தேகமில்லை.

இரண்டாவது வேலையில்தான் கோளாறு தொடங்குகிறது. இரண்டு சட்டங்களும் ஒரே மாதிரி அட்டவணையைத்தான் வைத்திருந்தன: கட்டை விரல் 30 சதவீதம், ஆள்காட்டி விரல் 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டு விரலோ 7, ஒரு கையின் நான்கு விரலும் போனால் 50. சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதற்கான கணக்கு இது. ஆனால் டை செட்டரின் ஆள்காட்டி விரலும் கேட்டில் உட்காரும் வாட்ச்மேனின் ஆள்காட்டி விரலும் இந்தக் கணக்கில் ஒன்றுதான். இடது கையை இழந்த தச்சர் ஒருவரின் வழக்கில், ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இழப்பு 100 சதவீதம் என்று உச்ச நீதிமன்றம் 1970-களின் நடுவிலேயே தீர்ப்பளித்தது. அளக்க வேண்டியது தொழிலை என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். ஐம்பது ஆண்டாகியும் அந்தப் பார்வை அட்டவணைக்குள் ஏறவில்லை. போதாததற்கு, 1923 சட்டக் கணக்கில் மாதச் சம்பளம் ரூ.15,000-க்கு மேல் எவ்வளவு இருந்தாலும் அது சேரவில்லை. மாதம் ரூ.28,000 வாங்கும் கிரேன் ஆபரேட்டர், அடிபட்ட அன்றே காகிதத்தில் ரூ.15,000 ஆள் ஆகிவிடுகிறார்.

வேலை திரும்பக் கிடைக்குமா என்ற கேள்விக்கும் பதில் இல்லை. பணியில் இருக்கும்போது ஊனமுற்றவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது; சொல்வது அரசு நிறுவனங்களுக்கு மட்டும். தனியார் பட்டறையில் விரல் போனவருக்கு, தற்காலிக ஊனத் தொகை வாங்கும் காலம்வரைதான் இ.எஸ்.ஐ. சட்டத்தின் பாதுகாப்பு.

மூன்றாவது வேலையில் ஏற்பாடு மொத்தமாகத் தோற்கிறது. இ.எஸ்.ஐ.க்கு முதலாளி கட்டுவது சம்பளத்தில் 3.25 சதவீதம். பத்து வருடமாக ஒரு விபத்தும் நடக்காத கம்பெனிக்கும், வருடா வருடம் விரல்களை வாங்கும் கம்பெனிக்கும் அதே 3.25தான். ஜெர்மனியில் 1884 முதல் இருக்கும் தொழில் விபத்துக் காப்பீட்டில் தொழிலின் ஆபத்தைப் பொறுத்தும் விபத்துக் கணக்கைப் பொறுத்தும் சந்தா ஏறி இறங்கும். இங்கே முதலாளியை அப்படி இழுத்துப் பிடிக்கும் கயிறே இல்லை. இ.எஸ்.ஐ.யில் பலன் பெற்றவர் முதலாளியிடம் தனியாக இழப்பீடு கேட்கவும் 1948 இ.எஸ்.ஐ. சட்டத்தின் 53-ஆம் பிரிவு தடை போட்டது. மெஷினை மாற்றாமல் மிச்சம் பிடித்த பணம் முதலாளியிடமே தங்கிவிடுகிறது.

1923 சட்டத்தில் முதலாளியின் பை தொடப்பட்டது. ஆனால் அதில் ஒரு கொக்கி. பாதுகாப்புக் கார்டை வேண்டுமென்றே கழற்றியவருக்கு இழப்பீடு இல்லை. மரணத்துக்கும் முழு நிரந்தர ஊனத்துக்கும் மட்டும் விலக்கு. பிரஸ் ஷாப்பில் போவது பெரும்பாலும் விரல்கள், அதாவது பகுதி ஊனம். அங்கேதான் இந்தக் கொக்கி மாட்டுகிறது. கார்டு இருந்தால் டார்கெட் எட்டாது என்று கழற்றச் சொல்பவர் சூப்பர்வைசர். கழற்றிய கை ஆபரேட்டருடையது.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. யார் தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை என்பதே தொழிலாளிக்குக் கிடைத்த பெரிய லாபம். அதற்கு ஈடாகத்தான் முதலாளியின் பொறுப்புக்கு வரம்பு வைக்கப்பட்டது. விபத்துக்கு ஏற்பச் சந்தாவை ஏற்றினால் சின்னப் பட்டறைக்காரர் விபத்தையே மறைப்பார் என்பார்கள். மறைப்பது இப்போதும் நடக்கிறது. ஹரியானாவின் வாகன உதிரிபாகத் தொழிலில் விபத்துகளைத் தொகுக்கும் 'சேஃப் இன் இந்தியா' அமைப்பின் அறிக்கைகள், விபத்து நடந்த பிறகே பலருக்கு இ.எஸ்.ஐ. கார்டு கைக்கு வருவதைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கின்றன. மறைப்பவருக்கு அபராதம் கடுமையாக வேண்டும் என்பதற்கு இது வாதம். சந்தா ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதற்கு அல்ல.

1923, 1948 சட்டங்களுக்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் பழைய ஏற்பாட்டின் எலும்புக்கூட்டைத் தொடவில்லை. கடமை தவறியதால் பலத்த காயம் ஏற்பட்டு அபராதம் விதிக்கப்பட்டால், அதில் பாதிக்குக் குறையாமல் பாதிக்கப்பட்டவருக்குத் தர நீதிமன்றம் உத்தரவிடலாம் என்பது நல்ல சேர்க்கை. ஆனால் வழக்குப் போட்டால்தான் அபராதம். மின்சக்தியில் ஓடும் இடம் 'தொழிற்சாலை' ஆவதற்கான ஆள் எண்ணிக்கையும் 10-லிருந்து 20 ஆக உயர்ந்திருக்கிறது. பிரஸ் ஓடும் சிறு பட்டறைகள் நிறைய இருப்பது இந்த இடைவெளியில்தான்.

தீர்ப்பு இது: நிவாரணமாக இ.எஸ்.ஐ. காப்பாற்றப்பட வேண்டியது, நீதியாக மொத்த ஏற்பாடும் தேறவில்லை. செய்ய வேண்டியவை மூன்று. விபத்துக் கணக்குக்கு ஏற்பச் சந்தா மாற வேண்டும். விரலின் சதவீதத்தோடு அவரவர் தொழிலும் அளவுக்கு வர வேண்டும், ரூ.15,000 வரம்பு போக வேண்டும். நிறுத்த முடியாத மெஷினை ஓட்ட வைத்தவர், கார்டு கழற்றப்பட்டதைக் காரணம் காட்டித் தப்பக் கூடாது. மூன்றில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் முதலாவதைச் செய்யலாம். மற்ற இரண்டும் கை போன பிறகு உதவுபவை. முதலாவது கை போவதற்கு முன்பே மெஷினை மாற்ற வைக்கும்.