ஆறாண்டுக் காத்திருப்பின் தகுதி

ஸ்பெயினின் ரியோஹா வட்டாரத்தில், ஆரோ நகர ரயில் நிலையத்துக்கு அருகே இருக்கிறது லோபெஸ் தே எரேதியா ஒயின் ஆலை. 1877-இல் தொடங்கிய அதை இன்று அதே குடும்பத்தின் நான்காம் தலைமுறை நடத்துகிறது. பழமையும் குடும்பப் பெயரும் சந்தையில் எளிதாக விலைபோகும். ஆகவே அவற்றை ஒதுக்கிவிட்டுச் செய்முறையையும் விளைவையும் மட்டுமே எடைபோடுவோம்.

ஆலையின் பெயர்பெற்ற சிவப்பு ஒயின் 'வீன்யா தோந்தோனியா ரெசெர்வா'. எப்ரோ ஆற்றங்கரைச் சொந்தத் தோட்டத்தில் விளையும் தெம்பிரானியோ திராட்சைக்கே அதில் பெரும்பங்கு; கர்னாச்சா, கிராசியானோ, மசுவேலோ துணை சேர்கின்றன. 'ரெசெர்வா'வுக்கு ரியோஹா விதி கேட்பது மூன்றாண்டு முதிர்ச்சி. அதில் ஓராண்டு மரப்பீப்பாயில் இருந்தால் போதும். இவர்கள் பீப்பாயில் மட்டும் ஏறத்தாழ ஆறாண்டு வைக்கிறார்கள். ஆண்டுக்கு இருமுறை வண்டலைப் பிரித்துப் பீப்பாய் மாற்றுகிறார்கள்; முட்டை வெள்ளைக்கருவால் தெளியவைத்து, வடிகட்டாமலே பாட்டிலில் அடைக்கிறார்கள்.

இத்தனை காலம் மரத்தில் கிடந்தால் பழச்சுவை அமுங்கிவிடாதா? புதுப் பீப்பாயில் அமுங்கிவிடும். இங்கே இருப்பவை ஆலையின் பட்டறையிலேயே செய்து, பழுதுபார்த்து, நெடுங்காலம் புழங்கும் அமெரிக்க ஓக் பீப்பாய்கள். பழைய மரம் தன் மணத்தை ஏற்றுவதைவிடக் காற்றை மெல்ல உள்ளே விடும் வேலையையே அதிகம் செய்கிறது. அதனால் துவர்ப்பு தணிகிறது. நிறம் செங்கல் சாயலுக்கு வருகிறது. உலர்ந்த செர்ரி, தோல், புகையிலை மணங்கள் எழுகின்றன. குன்றாத புளிப்பு இவற்றையெல்லாம் தாங்கி நிற்கிறது.

குறைகளும் உண்டு. காற்று பட்ட சாயல் சில பாட்டில்களில் எல்லை தாண்டுகிறது. ஒரே ஆண்டு ஒயின்கூடப் பாட்டிலுக்குப் பாட்டில் வேறுபடலாம். 1990-களில் ரியோஹாவில் பரவிய அடர்நிறப் புதுப்பாணி ஒயின்களின் பழச்செழுமையும் இதில் கிடைக்காது. அச்செழுமையை விரும்புவோரின் ரசனையைத் தாழ்வு என்று சொல்ல நியாயமில்லை.

ஆனாலும் என் தீர்ப்பு தோந்தோனியாவின் பக்கமே. சரக்கை ஆறாண்டு முடக்கிவைக்கும் சுமையை அந்தக் குடும்பம் தன் செலவில் தாங்குகிறது. அதன் பலன் சுவையில் தெளிவாகத் தெரிகிறது. இந்த ஒயினை முதல்தர வரிசையில் வைக்க அதன் வயதோ வம்சமோ காரணமில்லை. நீண்ட முதிர்ச்சிக்குப் பிறகும் உயிர்ப்போடு இருக்கிறது என்பதே காரணம்.