குவிமாடமும் கொடைநிலமும்

பினாங்குத் தீவின் எதிர்க்கரையில் உள்ள ஊரைப் பிறை என்றே தமிழர் எழுதி வருகின்றனர். மலாய்ப் பெயரின் ஒலியைப் பற்றி எழுந்த வடிவம் அது. வானத்துப் பிறைக்கும் அதற்கும் உறவில்லை. ஆயினும் அவ்வூரிலிருந்து, 1985இல் திறக்கப்பெற்ற பாலத்தைக் கடந்து ஜார்ஜ் டவுனுக்கு வரும் மாணவன் ஒருவனிடம் இசுலாமியக் கட்டடக்கலை யாது என வினவினால், அவன் கைநீட்டிக் காட்டுவது பிறை சூடிய குவிமாடமாகவே இருக்கும். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் மாடங்களை வரைந்து வந்தால் பாடம் முடிந்தது என ஆசிரியரும் எண்ணக்கூடும். பாடம் இன்னும் தொடங்கவே இல்லை என்பதற்கு அப்பள்ளிவாசலின் வரலாறே சான்று.

1801இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஏறத்தாழ 18 ஏக்கர் நிலத்தைத் தென்னிந்திய முஸ்லிம்களுக்கு வழங்கியது. அவர்தம் தலைவராக விளங்கியவர் காதர் முகைதீன். ‘கப்பித்தான் கெலிங்’ என்பது அவர் வகித்த பதவியின் பெயரேயாம். தொழுகைக்கூடம் ஒன்று எழுப்ப 18 ஏக்கர் வேண்டுவதில்லை. பள்ளிவாசலைச் சூழ்ந்து வீடுகள் எழுந்தன, கடைகள் எழுந்தன, இறந்தோர்க்கு அடக்கவிடம் அமைந்தது. வக்பு என்னும் அறக்கொடை முறையில் ஒரு சொத்து ஒருமுறை இறைவழியில் ஒப்படைக்கப்பட்டால் அதனை விற்றலும் இயலாது, பிறர்க்கு ஈதலும் இயலாது. அதன் வருவாய் மட்டுமே பொதுநலனுக்குப் பயன்படும். ஆகவே நகரத்தின் நடுவே, விலைபோகாத ஒரு நிலத்தில், வணிகரும் உழைப்பாளரும் ஏழையரும் அருகருகே குடியிருக்க வழி பிறந்தது. திட்டமிடல் என்னும் துறைக்கு இசுலாம் வழங்கிய கொடை யாது என்று கேட்பார்க்கு இதனினும் தெளிவான விடை கிடைத்தல் அரிது.

இந்நெறிகள் வெறும் அறவுரைகளாக நின்றவை அல்ல. பெசிம் ஹக்கீம் 1986இல் வெளியிட்ட அரபு இசுலாமிய நகரங்கள் பற்றிய நூல், துனிஸ் நகரை எடுத்துக்கொண்டு, நீதிமன்றத் தீர்ப்புகளும் சட்ட அறிஞர் கருத்துகளும் ஒரு நகரின் வடிவத்தை எங்ஙனம் உருவாக்கின என விளக்குகிறது. அண்டை வீட்டார்க்குத் தீங்கு நேரலாகாது. ஒருவர் சாளரம் மற்றொருவர் முற்றத்தை நோக்கலாகாது. தெருவில் நடப்போர் வழியை அடைத்தலாகாது. இவற்றுள் ஒன்றேனும் குவிமாடத்தைப் பற்றியதன்று. அனைத்தும் சுவரைப் பற்றியவை, வாயிலைப் பற்றியவை, வழியைப் பற்றியவை.

ஜார்ஜ் டவுனில் நிகழ்ந்தது யாது? அறக்கட்டளைகளின் மேற்பார்வையில் குறைகள் மலிந்தன என்பதைக் காரணமாகக் காட்டிக் குடியேற்ற அரசு 1905இல் சட்டம் ஒன்றை இயற்றியது. அதன்வழி அமைந்த வாரியம் பள்ளிவாசல் நிலத்தின் ஆட்சியை ஏற்றது. குறைகள் இருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் வாரியம் கண்ட மருந்து, பள்ளிவாசலைச் சூழ்ந்த குடியிருப்புகளை அகற்றித் தெருக்களை அமைப்பதாயிற்று. அக்காலத்திலேயே, 1916இல், நியூப்ரோனர் என்னும் கட்டடக் கலைஞரின் வரைவின்படி பள்ளிவாசல் விரிவுபெற்றது. இன்று சுற்றுலா நூல்கள் போற்றும் முகலாயப் பாங்கு அப்பணியின் விளைவேயாகும். வட இந்திய அரண்மனைகளையும் கல்லறைகளையும் கண்டு ஆங்கிலேயர் வகுத்துக்கொண்ட பாணி அது. சோழமண்டலக் கரையினின்று கப்பலேறி வந்த தமிழ் முஸ்லிம்களின் முன்னோர் அறிந்த பாணி அன்று. மாடம் உயர்ந்த காலமும் குடிகள் கலைந்த காலமும் ஒன்றாகவே இருந்தமை நோக்கத்தக்கது. நெறி குன்றியது, அதன் அடையாளம் ஓங்கியது.

இவ்வரலாற்றை ஆவணங்களின் துணையோடு வெளிக்கொணர்ந்தவர் பினாங்கு வரலாற்றாசிரியர் கூ சல்மா நசுத்தியோன். 2014இல் வெளிவந்த, பினாங்குச் சூலியர் பற்றிய அவரது நூல் 1786 முதல் 1957 வரை அப்பள்ளிவாசலைச் சுற்றி ஒரு சமூகம் தனக்கென இடத்தை ஆக்கிக்கொண்ட வகையை ஆராய்கிறது. கட்டடத்தைக் காட்டிலும் அதனைத் தாங்கிய மனிதரையும் நிலத்தையும் முன்னிறுத்தியதே அந்நூலின் தலையாய சிறப்பு. கட்டடக்கலை மாணவர்க்கு முதலில் தரவேண்டிய நூல்களுள் அஃதும் ஒன்று. வரலாற்று மாணவர்க்கு மட்டும் உரியதென ஒதுக்குதல் பிழை.

தமிழ் முஸ்லிம்களின் தாயகத்துக்குச் சென்று நோக்கினால் உண்மை மேலும் விளங்கும். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் உள்ள பழம் பள்ளிகள் கல்தூண்களும் போதிகைகளும் தட்டையான கூரையும் கொண்டவை. கோயில் மண்டபம் சமைத்த தச்சரின் மரபே அங்கும் தொழிற்பட்டது. உருவங்கள் நீங்கிப் பூவும் கொடியும் நின்றன. கிளந்தானின் கம்போங் லாவுட் பள்ளிவாசலோ மரத்தாலானது. மூன்றடுக்குக் கூரை உடையது. இவற்றை இசுலாமியம் அல்ல என்று கூறத் துணிவார் யார்? ‘பள்ளி’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். சமணர் உறைவிடத்துக்கும் பௌத்தர் உறைவிடத்துக்கும் வழங்கிய அச்சொல் இன்று கல்விக்கூடத்தையும் தொழுகையிடத்தையும் ஒருங்கே குறிக்கின்றது. சொல் அறிந்த உண்மையைப் பாடத்திட்டமும் அறிதல் வேண்டும்.

மலேசிய அறிஞரிடையே இக்கருத்தை அழுத்தமாக எழுதியவர் முகம்மது தாஜுதீன் முகம்மது ரஸ்டி. பள்ளிவாசலைச் சமுதாய மேம்பாட்டு மையமாகக் காணவேண்டும் என்பது அவர் வாதம். அதனை ஏற்கலாம். எனினும் புதுவடிவம் அனைத்தையும் பழித்தல் தகாது. 1980இல் திறக்கப்பெற்ற பினாங்கு மாநிலப் பள்ளிவாசல் பிலிப்பைன்ஸ் நாட்டுக் கலைஞரின் படைப்பு. பிரேசிலியா நகரப் பேராலயத்தின் சாயல் அதில் உண்டு என்பர். அதனால் தொழுகைக்குக் குறைவு நேர்ந்ததில்லை. வடிவம் எங்கிருந்து வந்தது என்பதன்று வினா. அதனைச் சூழ்ந்து எவர் வாழ்கின்றனர் என்பதே வினா.

இவ்வினா பழங்கதைக்கு மட்டும் உரியதன்று. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முடிவுற்றபின் பழைய நகரின் குடிகள் பலர் வெளியேறினர். 2008இல் ஜார்ஜ் டவுன் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. முகப்புகள் காக்கப்பெற்றன, குடிகளைக் காத்தல் அத்துணை எளிதாக இல்லை. அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1972 முதல் இயங்கும் வீடமைப்பு, கட்டடம், திட்டமிடல் புலம் இந்நகருக்கு அண்மையிலேயே உள்ளது. அதன் மாணவர் அளந்து கற்பதற்கு ஏற்ற ஓரிடம் சூலியா தெருவும் கிங் தெருவும் கூடும் மூலையில் இருக்கின்றது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த நாகூர் தர்கா அது. சிறு கட்டடம், அதன் வெளிச்சுவரை ஒட்டியே சிறுகடைகள் அமைந்துள்ளன. சுவரின் உட்புறம் வழிபடுவோர்க்கும் வெளிப்புறம் பிழைப்போர்க்கும் இடம் கிடைத்திருக்கிறது. அந்த ஒரு சுவரின் கனத்தையும் நீளத்தையும், கடைகளின் அகலத்தையும், நடப்போர்க்கு எஞ்சிய வழியையும் ஒரு பிற்பகலில் அளந்துவிடலாம்.