விலைப்பட்டியல் நடையும் பேய்க்கதையும்: 'ஹாரர்ஸ்டோர்' புதினம் குறித்து

1. புதினமும் அதன் வடிவமும்

பேய்க்கதை வாசகரைச் சிரிக்கவைத்தால் அது தோற்றது என்பது பொதுவான கருத்து. அமெரிக்க எழுத்தாளர் கிரேடி ஹென்ட்ரிக்ஸ் 2014இல் வெளியிட்ட 'ஹாரர்ஸ்டோர்' என்னும் புதினம் இக்கருத்தை மறுக்கிறது. இதில் நகையும் அச்சமும் ஒரே மொழிநடையிலிருந்து பிறக்கின்றன என்பதையும், அதனால் மொழிபெயர்ப்பாளர்க்கு எழும் சிக்கலையும் இக்கட்டுரை சுட்ட முயல்கிறது.

கதை எளியது. ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்துப் பகுதியில் 'ஆர்ஸ்க்' என்னும் பெரிய அறைகலன் கடை உள்ளது. சுவீடன் நாட்டில் தோன்றிய ஐக்கியாவைப் பார்த்துச் செய்த மலிவுப் போலி அது. இரவில் கடைப்பொருள்கள் பாழாகின்றன. காரணம் அறிய ஏமி, ரூத் ஆன் என்னும் ஊழியர் இருவரும் துணைமேலாளர் பேசிலும் இரவுக் காவலிருக்கின்றனர். முன்பு அவ்விடத்தில் 19ஆம் நூற்றாண்டுச் சிறை ஒன்று இருந்தது. அதன் அதிகாரி ஜோசையா வொர்த்தும் கைதிகளும் இன்னும் அங்கிருந்து நீங்கவில்லை.

நூலே விலைப்பட்டியல் வடிவில் அமைந்துள்ளது. இயல்கள் ஒரு பொருளின் படத்தோடும் விளக்கத்தோடும் தொடங்குகின்றன. முதலில் வருவது 'புரூக்கா' என்னும் சோபா. கதை வளர வளரப் பட்டியலில் உடலைப் பிணிக்கும் நாற்காலி முதலான தண்டனைக் கருவிகள் இடம்பெறுகின்றன. பொருள் மாறுகிறது, நடை மாறவில்லை. சோபாவைப் பரிந்துரைத்த அதே இன்சொல் கட்டுநாற்காலியையும் பரிந்துரைக்கிறது.

2. நகையும் அச்சமும்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பனவற்றையும், அச்சத்திற்கு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பனவற்றையும் நிலைக்களன்களாகக் கூறுவார். பேய்க்கதைகள் பெரும்பாலும் அணங்கோடு நின்றுவிடும். இப்புதினமோ அணங்கையும் இறையையும் ஒருவனிடத்தே வைக்கிறது. ஓயாத உழைப்பே மனத்தைத் திருத்தும் என்பது வொர்த்தின் கொள்கை. பேசில் நிறுவன முழக்கங்களை ஒப்பிப்பவன். இருவர் பேச்சும் ஒத்திருப்பதை வாசகர் உணரும் இடத்தில் எள்ளல் அச்சமாகிறது.

மிகைக்கு அடியில் வரலாறும் உண்டு. ஒருவரே மறைந்திருந்து அனைவரையும் கண்காணிக்கத்தக்க சிறைத் திட்டத்தை ஜெரமி பென்தம் 1791இல் நூலாக வெளியிட்டார். கதையின் சிறை அவ்வகையினது. பிரித்தானியச் சிறைகளில் எப்பொருளையும் விளைவிக்காத கைப்பிடியை நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை சுழற்றுவது உண்மையாகவே தண்டனையாக இருந்தது. வாடிக்கையாளர் விலகிச் செல்லாதபடி அமைத்த கடைப்பாதையையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வைப்பதே ஆசிரியரின் திறம். இக்கட்டுரையாளர் முதல் வாசிப்பில் வாய்விட்டுச் சிரித்த இடங்களே இரண்டாம் வாசிப்பில் அச்சம் தந்தன.

பிற்பகுதியில் துரத்தலும் தப்புதலும் மீள மீள வருவது குறையே. ஆயினும் ஒவ்வோர் இயல்முகப்பும் தளர்ந்த கதையை நிமிர்த்திவிடுகிறது.

3. மொழிபெயர்ப்புச் சிக்கல்

முதற்சிக்கல் பெயர்கள். சுவீடிய மொழிபோல் தோன்றுமாறு எழுத்துகளின் மேல் இடும் புள்ளிகளே அங்கு நகைப்பொருள். நூலின் பெயரிலேயே அப்புள்ளிகள் உள்ளன. ஒலிபெயர்த்தால் அவை மறைந்துவிடும். தமிழ் மரபு ஏலாத மெய்ம்மயக்கத்தாலும் மொழிமுதல் வாரா எழுத்தாலும் புதுப்பெயர் புனைவது இழப்பை ஓரளவு ஈடுசெய்யும். 'ட்ஜ்யோர்ஸ்க்' போன்ற ஒரு சொல்லைக் கண்ட தமிழ் வாசகர் பொருள் அறியுமுன்பே சிரிப்பார்.

இரண்டாம் சிக்கல் நடை. தண்டனைக் கருவியைக் கண்டதும் 'கொடூரமான', 'பயங்கரமான' என அடைமொழி சேர்க்கக் கை நீளும். சேர்த்தால் நகை, அச்சம் இரண்டும் ஒருசேர அழியும். 'இல்லத்திற்கு எழிலூட்டுவது', 'எளிதில் துடைத்துத் தூய்மை செய்யத்தக்கது' என்னும் நம் விளம்பரத் தமிழே கட்டுநாற்காலிக்கும் பொருந்தும். இரத்தம் என்ற சொல் வராமலே, எதைத் துடைப்பது என்று வாசகர் அறிந்துகொள்வார்.

மூலத்தின் சுவை விற்பனையாளரின் மாறாத குரலில் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் தம் நடுக்கத்தை அடக்கி அக்குரலைக் காத்தால், வாசகர்க்குரிய நடுக்கமும் சிரிப்பும் அவரைச் சென்றடையும்.