6746328388800: ஓர் எண்ணின் கட்டமைப்பு

6746328388800, அதாவது 6,74,632 கோடியே 83,88,800, சீனிவாச இராமானுஜன் 1915இல் இலண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வெளியிட்ட கட்டுரையில் உள்ள உயர்பகு எண்களின் பட்டியலில் கடைசியாக நிற்கும் எண்ணாகும். ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் அதன் வகுத்திகள். தன்னிலும் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு வகுத்திகளை உடைய எண்ணே உயர்பகு எண். 12க்கு ஆறு வகுத்திகள் உண்டு, அதற்குக் கீழுள்ள எதற்கும் நான்குக்கு மேல் இல்லை. இந்தப் பதின்மூன்று இலக்க எண்ணின் அருகே உள்ள எண்கள் சராசரியாக முப்பது வகுத்திகளோடு அமைய, இதற்கோ 10080 வகுத்திகள் உள்ளன; 1 முதல் 28 வரையுள்ள ஒவ்வோர் எண்ணும் இதை மீதியின்றி வகுக்கும்.

அந்தப் பெருந்தொகையைக் காட்டிலும் ரசிக்கத்தக்கது அது எழும் விதம். பகா எண்களின் பெருக்கமாக எழுதும்போது இவ்வெண் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23 என விரிகிறது. ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்க, 7 × 5 × 3 × 3 × 32 என்று 10080 கிடைக்கிறது. அடுக்குகள் 6, 4, 2, 2, 1 என எங்குமே ஏறாமல் இறங்குவது தற்செயலன்று. 2இன் அடுக்கையும் 3இன் அடுக்கையும் இடம் மாற்றினால் வகுத்திகள் ஒன்றும் கூடுவதில்லை, எண் மட்டும் வீணே இரண்டேகால் மடங்காகப் பெருத்துவிடும். ஆகவே உயர்பகு எண் எதிலும் அடுக்குகள் ஏற இயலாது. புதிய பகா எண்ணைச் சேர்ப்பதா, பழையதன் அடுக்கை உயர்த்துவதா என்ற போட்டியும் இதற்குள் நடக்கிறது: 23 சேரும் முன் வகுத்திகளை இரட்டிக்க 2ஐ மட்டுமே நம்பினால் அதன் அடுக்கு 13 வரை ஏறி எண் 128 மடங்காக வேண்டும், 23 என்ற புதிய பகா எண்ணைக் கொண்டுவந்தாலோ 23 மடங்கே போதும். இறுதிப் பகா எண்ணின் அடுக்கு, 4, 36 என்னும் இரண்டு விதிவிலக்குகளைத் தவிர, எப்போதும் 1தான் என்று இராமானுஜன் நிறுவியது அவருடைய அக்கட்டுரையின் மிக நேர்த்தியான முடிவுகளில் ஒன்று.

அக்கட்டுரையில், கழகத்தின் பண நெருக்கடியால் அன்று அச்சேறாமல் நின்ற பகுதி 1997இல்தான் வெளிவந்தது. 1915இல் வெளிவந்த பட்டியலில் உள்ள 102 எண்களுக்கு இடையே 293318625600 என்ற ஓர் உயர்பகு எண் மட்டும் விடுபட்டிருந்தது; 5040 வகுத்திகளை உடைய அதன் அடுக்குகளும் 6, 4, 2, 2, 1 என்றே இறங்கி 19இல் முடிகின்றன. அந்த விடுபட்ட எண்ணை 23ஆல் பெருக்கினால் பட்டியலின் கடைசி எண்ணே கிடைக்கிறது. இவ்விரண்டின் வகுத்திகளின் எண்ணிக்கைகளான 5040, 10080 ஆகியவையும் உயர்பகு எண்களே.