தறிக்குழியின் மேல் ஒரு ராக் ஆல்பம்

ராக் ஆல்பம் பற்றிய கட்டுரைகள் வழக்கமாக ஒரு கலகத்தில் தொடங்கும். வீட்டில் சண்டை, நீள முடி, ஊரைவிட்டு ஓட்டம். எனக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. இந்தியன் ஓஷன் குழுவின் ‘கந்தீசா’வைப் பொறியியல் படிக்கும்போது விடுதி நண்பன் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தான். விடுமுறைக்கு ஆரணி வந்தபோது, பக்கத்து அறையின் தறிச் சத்தத்துக்கு நடுவேதான் முதன்முதலில் முழுசாகக் கேட்டேன்.

2000இல் வந்த ஆல்பம். ஏழே பாட்டு. சுஸ்மித் சென் கிட்டார், ராகுல் ராம் பேஸ், அமித் கிலம் டிரம்ஸ், அஷீம் சக்ரவர்த்தி தபலா. ராக் பாடகர் என்றால் மேடையில் குதிப்பார் என்றுதானே நினைப்போம்? அஷீம் தரையில் உட்கார்ந்து, தபலா வாசித்துக்கொண்டே பாடுவார். வீடியோவில் அதைப் பார்த்ததும் குழித்தறியில் உட்கார்ந்திருக்கும் அப்பா ஞாபகம்தான் வந்தது.

தறியில் எல்லாமே திரும்பத் திரும்பத்தான். மிதிக்கணும், நாடா ஓடணும், பலகையை இழுத்து அடிக்கணும். ஒவ்வொரு அடிக்கும் ஓர் இழை. சேலை வளர்வது கண்ணுக்குத் தெரியாது. ‘லீவிங் ஹோம்’ அப்படிப்பட்டது. கிட்டார் சின்ன மெட்டொன்றைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருகிறது. உச்சத்துக்குப் போக அதற்கு அவசரமே இல்லை.

இப்போது வீட்டிலிருந்தே வேலை. காலை மீட்டிங்குக்கு முன்னால் மாடியில் ஒரு டீ, ஒரு பாட்டு, காற்றில் அரிசி ஆலையின் நெல் அவிக்கும் வாசனை. பல வருடங்கள் இந்த ஆல்பத்தை இந்த அரைமணி நேரத்துக்கான இசையாகவே வைத்திருந்தேன். பிறகு பாடல்களைப் பற்றித் தேடிப் படித்தேன். சங்கடமாகிவிட்டது. ‘மா ரேவா’ நர்மதையைப் பற்றியது. ராகுல் ராம் நர்மதா அணை எதிர்ப்பு இயக்கத்தில் இருந்தவர். ‘ஹில்லே லே’ கோரக் பாண்டே என்ற புரட்சிக் கவிஞரின் போஜ்புரிப் பாட்டு. மனிதர்கள் வீடிழந்த ஒரு நதியின் பாட்டைக் கேட்டுக்கொண்டா இத்தனை நாள் டீயில் பிஸ்கட் நனைத்தேன்?

இதே தப்பை வீட்டிலும் செய்திருக்கிறேன். “தறிச் சத்தம் என்னா தாளம்ப்பா!” என்று ஒருமுறை அப்பாவிடம் சொன்னேன். நிமிராமலே சொன்னார்: “உனக்குத் தாளம். எனக்கு முட்டி வலி.”

சின்னச் சின்ன சந்தோஷங்களைப் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் இந்த பதிலை ஒருமுறை கேட்டாக வேண்டும். அடுத்தவரின் வலியை ஓசையாக மட்டும் கேட்க முடிவது ஒரு வசதி.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. அதே அப்பா, சேலையைத் தறியிலிருந்து அறுத்ததும் விரித்துப் போட்டு, புறங்கையால் ஒருமுறை தடவிப் பார்ப்பார். இரண்டு நிமிஷம். அதற்குக் கூலி கிடையாது. முட்டி வலியை மறந்துவிட்டுத் தடவவில்லை, வலியோடுதான் தடவினார். ‘ஹில்லே லே’யின் பலமும் இதுதான் என்று நினைக்கிறேன். திரண்டெழும் மக்களைப் பற்றிய பாட்டு, ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு பாடப்படவில்லை. குரல்கள் ஒன்றையொன்று தூக்கிவிட்டுத் துள்ளுகின்றன. கோபமும் கொண்டாட்டமும் ஒரே தாளத்தில் ஓடுகின்றன. கடைசி இரண்டு பாடல்களிலும் அந்த இறுக்கம் இல்லை. அவற்றைப் பாதி நாள் தாண்டிவிடுவேன்.

அஷீம் 2009 டிசம்பரில் இறந்துபோனார். எங்கள் தறியும் இப்போது இல்லை. குழியை மூடி டைல்ஸ் ஒட்டியாகிவிட்டது. என் லேப்டாப் மேஜை சரியாக அந்த இடத்தில்தான் இருக்கிறது.

போன வாரம் ‘ஹில்லே லே’ ஓடிக்கொண்டிருந்தது. அப்பா வாசலிலிருந்து குரல் கொடுத்தார். “சத்தத்தைக் கொறைடா.” நான் நிறுத்தப் போனேன்.

“கொறைக்கத்தான் சொன்னேன். நிறுத்தச் சொல்லலை.”