கிளாரினெற் யாருடைய குரல்?

அறையிசை என்ற சொல்லைக் கேட்டதும் முகஞ்சுளிக்கும் முற்போக்கு நண்பர்கள் நம்மிடையே உளர். பிரபுக்களின் விருந்தறையில் வளர்ந்த இசைக்கும் வயலிலும் கடலிலும் பாடுபடும் மக்களுக்கும் என்ன தொடர்பு என்று அவர்கள் வினவுகின்றனர். வினா நியாயமானதே. ஆயின், தீர்ப்புக் கூறுமுன் வழக்கைக் கேட்க வேண்டாமா? யொஹானஸ் பிராம்ஸ் 1891இல் இயற்றிய கிளாரினெற் ஐவரிசையை எடுத்துக்கொள்வோம். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செலோ, இவற்றோடு ஒரு கிளாரினெற், கருவிகள் இவ்வளவே.

1891 நவம்பரில் ஜேர்மனியின் மைனிங்கன் கோமகனது அரசவையில் இது முதலில் ஒலித்தது. அடுத்த மாதமே பேர்லினில் பொது அரங்கேறியது. அரண்மனைத் தொடர்பை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பிராம்ஸ் ஹம்பேர்க் நகரின் எளிய குடும்பமொன்றிற் பிறந்தவர்; தந்தை வாத்தியம் வாசித்துப் பிழைத்தவர். 1890இல் இனி எழுதுவதில்லை என்று எண்ணியிருந்த பிராம்ஸை மீண்டும் எழுதத் தூண்டியது ரிச்சர்ட் முல்ஃபெல்ட்டின் வாசிப்பு. முல்ஃபெல்ட்டோ வயலின் கலைஞராக அரசவையிற் சேர்ந்து, கிளாரினெற்றைத் தாமே கற்றுத் தேர்ந்த ஊழியர். கூலி கோமகனுடையது; இசை உழைப்பாளிகளுடையது.

படைப்பின் அமைப்பையும் நோக்குவோம். இரு வயலின்கள் பேச்சைத் தொடங்கிய பின்னரே கிளாரினெற் வந்து சேர்கிறது. தலைமை தாங்கும் இடமும் உண்டு. பிறர் பேசத் தான் அடங்கித் துணைநிற்கும் இடமும் உண்டு. ஆண்டான் அடிமை என்ற பிரிவு இவ்வுரையாடலில் இல்லை. இறுதிப் பகுதியின் முடிவிலே முதற்பகுதியின் தொடக்க இசை திரும்பி வருகிறது. புறப்பட்ட துயரத்துக்கே வந்து சேர்கிறோம். துயரின் காரணத்தை இவ்விசை வினவுவதில்லை, வழியொன்றும் காட்டுவதில்லை. இது அதன் எல்லை. ஆயினும் துயரைப் பொய்யாக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இரண்டாம் பகுதியே நம் கவனத்துக்குரியது. தந்திக் கருவிகள் குரலடக்கி நடுங்க, கிளாரினெற் கட்டவிழ்ந்து புலம்புகிறது. ஹங்கேரியின் ரோமா இசைஞரது பாணி அது. ஊரூராய் அலைந்து வாசித்த, சமூகம் இழிவாய் நடத்திய மக்களின் பாணி. பிராம்ஸின் பெயர் நிலைத்தது. அவர்களின் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை.

இது ஐரோப்பாவின் குற்றம் மட்டுமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழகத்துச் சதிர்க் குழுக்களில் கிளாரினெற் இடம்பெற்றது. சதிர், பரதநாட்டியம் என்ற பெயரில் நகர மேடையேறியபோது, அக்கருவி பெரும்பாலும் ஒதுக்கப்பட்டது. அதே ஐரோப்பாவிலிருந்து வந்த வயலின் மேடையில் நிலைத்ததால், அந்நியக் கருவி என்பது காரணமாகாது. மரபுவழி ஆடற்குலத்தாரைப் புறந்தள்ளிய கையே அவர்தம் கருவியையும் தள்ளியது என்றே கொள்ள வேண்டும். அம்மரபில் வந்த பாலசரஸ்வதி அதனைக் கைவிடவில்லை. ஏ. கே. சி. நடராஜன் அதனைத் தனிக் கச்சேரிக் கருவியாக உயர்த்தினார். சென்னை சங்கீத வித்வத் சபையின் சங்கீத கலாநிதி விருது அவருக்குக் கிடைத்தது 2008இலேதான்.

எனவே கேட்கவேண்டிய வினா வேறு. ஓர் இசை எந்த அறையிற் பிறந்தது என்பதைவிட, அவ்வறையின் கதவு யாருக்குத் திறந்திருக்கிறது என்பதே முக்கியம். திருக்கோவில் உற்சவத்து நாதஸ்வரத்தை வீதியில் நிற்பவரும் கேட்கலாம். அறையிசைக்கோ அறை வேண்டும், அமைதி வேண்டும், ஓய்வும் வேண்டும். இன்று கைத்தொலைபேசி அவ்விசையை மாணவன் கையிற் கொண்டுவந்து விட்டது உண்மை. ஆனால் நமது பாடசாலைகளில் கர்நாடக சங்கீதமும் மேலைத்தேய சங்கீதமும் தனித்தனிப் பாடங்கள். ஒன்றைப் பயில்பவர் மற்றொன்றை அறிவது அரிது. கேட்கப் பழக்குவார் இன்றேல் கருவி கையிலிருந்தும் கதவு மூடியே கிடக்கும்.

வினாயகபுரத்தில் என் மாணவர் சிலருக்கு அந்த இரண்டாம் பகுதியை ஒலிக்கச் செய்தேன். இயற்றியவர் யார், எந்நாட்டவர் என எதுவும் கூறவில்லை. முடிந்ததும் கடற்றொழிலாளி ஒருவரின் மகன் மெல்லச் சொன்னான்: "இது ஒப்பாரி மாதிரிக் கிடக்கு, சேர்."

பெயரெழுதப்படாத அந்த ரோமா இசைஞரை அவன் கேட்டுவிட்டான். பிரபுக்களின் இசை என்று நாம் ஒதுக்கியிருந்தால், இழப்பு பிரபுக்களுக்கன்று, அச்சிறுவனுக்கே.