சந்திரமதியின் இரவு

மயான காண்ட நாடகத்தை அரிச்சந்திரன் கதை என்று யார் சொன்னது? நயினாதீவில் ஒரு கோயில் வீதியில் விடிய விடிய இருந்து பார்த்தவன் சொல்கிறேன், அது அவன் மனைவி சந்திரமதியின் கதை.

கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். பாம்பு தீண்டி இறந்த மகன் லோகிதாசனைச் சுமந்து அவள் சுடலைக்கு வருகிறாள். அங்கே காவலனாயிருக்கும் அரிச்சந்திரன் கால்பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்கிறான். கணவன் கண்ணுக்கு மட்டுமே தெரியும் தாலியைக் கண்டு, இவள் யாரென்று அறிகிறான். சுடலைக் கூலி தேடிப் போன வழியில் காசிராசன் பிள்ளையின் பிணம். கொலைப்பழி அவள் தலையில் விழுகிறது. சிரச்சேதம் என்று தீர்ப்பு. வெட்ட வேண்டியவன் அதே காவலன்.

அந்த இடத்தில் நாடகம் நின்றுவிடும். ஒரு வாள்வீச்சுக்கு எவ்வளவு நேரம்! ஆர்மோனியம் ஒரே சுரத்தைப் பிடித்தபடி விடமாட்டேன் என்கிறது. மண்டியிட்டவள் உயிர்ப்பிச்சை கேட்கவில்லை. கை நடுங்கும் புருஷனை அவளே பாடித் தேற்றுகிறாள்: சத்தியம் தவறாதீர்கள், வெட்டுங்கள் என்று. சாகப்போகிறவள் கொல்லப்போகிறவனுக்குத் தைரியம் சொல்வதை வேறெங்கே பார்ப்பது? எனக்கு முன்னால் இருந்த ஆச்சி பொறுக்கமாட்டாமல், "ஐயோ, வெட்டாதையடா ராசா!" என்று கத்தியே விட்டா. முடிவு அவவுக்குத் தெரியாததா?

சந்திரமதியாக வந்தவர் ஓர் ஆண். இரண்டாம் பாட்டிலேயே அது மறந்துபோயிற்று. 1913இல் தாதாசாகேப் பால்கே எடுத்த 'ராஜா அரிச்சந்திரா' படத்திலும் அரசியாக நடித்தவர் அண்ணா சாளுங்கே என்ற ஆண்தான். ஆனால் அது பேசாப் படம். சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த இசை நாடகத்தில் அவள் பாடுகிறாளே! பாட்டில்லாத சந்திரமதியை என்னால் நினைத்தும் பார்க்க முடியாது.

யாழ்ப்பாணத்தார் இந்தக் கதைக்கு மயங்கியது இன்று நேற்றல்ல. ஆனந்த குமாரசுவாமியின் தந்தை சேர் முத்துக்குமாரசுவாமி 1863இலேயே அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலமாக்கி லண்டனில் வெளியிட்டார். பிறகு காங்கேசன்துறை வசந்தகான சபாவின் நடிகமணி வி. வி. வைரமுத்து மயான காண்டத்தை ஊர் ஊராக மேடையேற்றினார். அவர் பேரைச் சொன்னாலே எங்கள் பெரியவர்கள் இன்றும் பாடத் தொடங்கிவிடுவார்கள்.

வாள் மாலையாகும், சிவபெருமான் காட்சி தருவார், பிள்ளை எழும்புவான். எல்லாம் அழகுதான். என் நெஞ்சோ வாள் இறங்குமுன் அவள் பாடிய பாட்டிலேயே நிற்கிறது. தீவுப்பக்கம் எங்காவது மயான காண்டம் என்று நோட்டீஸ் கண்டால், திரும்பக் குறிகட்டுவான் துறைக்குக் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று யோசிக்காதீர்கள். பாயோடு போய் முன்னுக்கு இடம்பிடியுங்கள்.